பாப்பாரப்பட்டியில் முதல் சம்பளம் வாங்கும் பிள்ளைகளுக்கு

அன்புள்ள பிள்ளைகளே,

ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய் ஒன்றிரண்டு வருஷமே ஆன உங்களுக்குத்தான் இந்த மடல். ஹாஸ்டலில் தங்கி ஷிஃப்ட் பார்க்கிற பெண்கள், டிப்ளமோ முடித்து டிரெய்னியாகச் சேர்ந்தவர்கள், பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவர்கள், தருமபுரி ஜவுளிக்கடையில் நிற்பவர்கள், எல்லோரும் இதில் சேர்த்தி. மாதாமாதம் ஒரே தேதியில் ஒரே தொகை வீட்டுக்கு வருவது உங்களில் பலர் குடும்பத்தில் இப்போதுதான் நடக்கிறது. அப்பா தக்காளி போட்டார், மாந்தோப்பு குத்தகைக்கு எடுத்தார், புளி தட்டிக் கொட்டை எடுத்தார். அதிலெல்லாம் பணம் வரும்போதுதான் வரும்.

"சம்பளம் ஏறின அஞ்சாம் நாளே ஒண்ணுமில்ல" என்று உங்களில் பலர் சொல்லக் கேட்கிறேன். ஜிபேயைத் திறந்து போன மாதம் போன பணத்தை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அம்மாவின் குழுக் கடன் தவணை, போன் இ.எம்.ஐ., வண்டி டியூ, நகைச்சீட்டு, நண்பன் கல்யாணத்துக்கு மொய், ஃபிளெக்ஸ் பேனருக்குப் பங்கு, இருபதும் முப்பதுமாக டீக்கடை. இதில் எது நீங்களாக உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவு? வண்டி டியூவை ஷோரூம்காரர் முடிவு செய்தார், மொய்யை ஊர் வழக்கம் முடிவு செய்தது, ஃபிளெக்ஸை வாட்ஸ்அப் குரூப் முடிவு செய்தது. உனக்கு எதுப்பா முக்கியம் என்று கேட்டால், தங்கச்சி நர்சிங் முடிக்கணும், அம்மா கடன் தீரணும், வீட்டில் கக்கூஸ் கட்டணும் என்றுதான் சொல்வீர்கள். அவை அந்தப் பட்டியலில் எத்தனையாவதாக வருகின்றன என்பதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

இந்தப் பேச்சுக்கு நம்மூரிலேயே ஒரு பெரிய மனிதர் இருக்கிறார். பாப்பாரப்பட்டி என்றாலே வெளியூர்க்காரர்களுக்குச் சுப்பிரமணிய சிவா ஞாபகம்தான் வரும். வத்தலக்குண்டில் 1884-ல் பிறந்தவர் 1925 ஜூலை 23 அன்று இங்கே கண்ணை மூடினார். சிறைக்குள் போனவர் தொழுநோயோடு வெளியே வந்ததும், ரயிலில் ஏறக்கூடாது என்று தடுத்தபோது ஊர் ஊராக நடந்ததும், இங்கே பாரத மாதாவுக்கு ஆலயம் எழுப்ப நிதி கேட்டு அலைந்ததும், 1923-ல் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டியதும் பள்ளிக்கூடத்திலேயே உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவை. நினைவு நாளில் மாலையும் போட்டிருப்பீர்கள். ஆனால் சிவாவும் அவர் கூட்டாளி வ.உ.சி.யும் மேடையேறிப் பேசியதில் பணத்தைப் பற்றியதும் உண்டு என்பதை மாலை போடுகிறவர்கள் சொல்வதில்லை. யார் கப்பலுக்கு டிக்கெட் வாங்குகிறாய், யார் துணியை உடுத்துகிறாய், மில்லில் உழைக்கிறவனுக்கு என்ன கூலி கொடுக்கிறாய் என்றும் அவர்கள் கேட்டார்கள். 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தத்தில் இருவரும் தொழிலாளர் பக்கம் நின்றார்கள். அந்த மார்ச்சிலேயே கைதானார்கள்.

வ.உ.சி. 1906 அக்டோபரில் பதிவு செய்த சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலீடு 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். அன்றைக்கு 25 ரூபாய் சாதாரணத் தொகை இல்லை. வியாபாரிகளும் வக்கீல்களும், நாட்டுப்பற்று தவிர வேறு காரணம் சொல்லத் தெரியாதவர்களும் வாங்கினார்கள். 'காலியா', 'லாவோ' என்று இரண்டு கப்பல்கள் வந்து தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடின. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் சும்மாவே ஏற்றிக்கொண்டு போகிறேன் என்கிற அளவுக்கு இறங்கியது. வ.உ.சி. ஜெயிலுக்குப் போனார். 1911-ல் கம்பெனியைக் கலைத்தார்கள். பங்கு வாங்கியவர்களின் பணம் போனது போனதுதான்.

இந்தக் கதையில் பெருமையை மட்டும் எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு, இளிச்சவாய்த்தனம் என்று சிரிக்கிறவர்களும் உண்டு. எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை. அந்தப் பங்குகளை வாங்கியவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் உங்களில் ஒருவர் தங்கச்சி படிப்புக்கு வைத்த பணத்தை எடுத்துக்கொண்டு "நல்ல காரியத்துக்குப் போடறேண்ணா" என்று வந்தால் கையைப் பிடித்து நிறுத்துவேன். கொள்கைக்காகப் போடுகிற பணம் திரும்பி வராமல் போகலாம். வராவிட்டாலும் வீட்டில் அடுப்பு எரியும் என்றால் தாராளமாகப் போடுங்கள். மாதம் முந்நூறோ ஐந்நூறோ நூலகத்துக்கு, ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு, நம்பிக்கையுள்ள இயக்கத்துக்கு என்று தனியாக எடுத்து வையுங்கள். அது தானம். வட்டி எதிர்பார்க்காதீர்கள், வந்தால் சந்தேகப்படுங்கள். தேவைக்கான சேமிப்பு இருக்கவேண்டிய இடம் வேறு. தபால் ஆபீஸ் ஆர்.டி.யை மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடங்கலாம். வங்கி டெபாசிட்டுக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரை காப்பீடு இருக்கிறது. தானத்தையும் சேமிப்பையும் ஒரே பையில் போட்டுக் குழப்ப வைப்பதுதான் மோசடிக்காரர்களின் வேலை. ஈமு கோழிப் பண்ணைத் திட்டத்திலும் ஆருத்ரா நிதி நிறுவனத்திலும் பணம் போட்டு மக்கள் ஏமாந்தபோது பேராசை என்று ஊர் திட்டியது. பலர் போட்டது சொந்தக்காரர் முகத்துக்காக, சாமி படம் மாட்டிய ஆபீஸை நம்பி.

சிவாவின் கூட்டாளி கதையில் இன்னொரு தொகையும் உண்டு: 347 ரூபாய் 12 அணா. ஆ. இரா. வேங்கடாசலபதி இதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார். வ.உ.சி. 1912 கடைசியில் விடுதலையானார். வக்கீல் சன்னது போய்விட்டது. குடும்பத்தோடு சென்னையில் திண்டாடினார். தென்னாப்பிரிக்காவில் இருந்த தமிழர்கள் அவருக்கென்று திரட்டிக் கொடுத்த பணம் காந்தியிடம் இருப்பது 1915-ல் தெரிய வந்தது. காந்தி அப்போதுதான் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பியிருந்தார். எவ்வளவு, யார் கொடுத்தது என்ற விவரம் அவர் கைவசம் இல்லை. கடிதங்கள் போவதும் வருவதுமாக மாதங்கள் கழிந்து, 1916-ல் தான் பணம் வந்து சேர்ந்தது. இதில் காந்தியைக் குறை சொல்லிச் சண்டை போட விரும்புகிறவர்கள் போடட்டும். எனக்குப் பிடித்தது வேறு. நாட்டுக்காகச் சொத்தையெல்லாம் தொலைத்தவர், அத்தனை பெரிய மனிதரிடம், எனக்கு வரவேண்டிய பணம் என்ன ஆயிற்று என்று கூச்சமில்லாமல் எழுதிக் கேட்டார். மரியாதை குறையவில்லை, கேட்பதையும் விடவில்லை.

நமக்கு இப்படிக் கேட்க வராது. மாமா சீட்டுப் பிடிக்கிறார், எப்படி ரசீது கேட்பது? சித்தப்பா நிலம் கிரயம் பண்ணித் தருகிறேன் என்று ஒரு லட்சம் வாங்கிப் போனார், எப்படிப் பத்திரம் கேட்பது? சீட்டு நடத்தப் பதிவு வேண்டும் என்று 1982-லேயே சட்டம் வந்துவிட்டது. பதிவு எண் என்ன என்று கேட்டால் மாமா கோபித்துக்கொள்வார் என்றால், அந்தச் சீட்டில் சேரவே வேண்டாம். இதே கேள்வியை மறுபக்கமும் வையுங்கள். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து போட்ட டூர் பணத்துக்கு நீங்கள் பொறுப்பு என்றால், கேட்பதற்கு முன்பே கணக்கைக் குரூப்பில் போடுங்கள்.

கணக்கு என்றதும் உங்கள் அம்மாக்கள் ஞாபகம் வருகிறது. மகளிர் சுய உதவிக் குழு தமிழ்நாட்டில் முதலில் தொடங்கியது எங்கே தெரியுமா? நம் தருமபுரி மாவட்டத்தில், 1989-ல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. அப்போது கிருஷ்ணகிரியும் நம்மோடுதான் இருந்தது. இங்கே முளைத்ததுதான் பிறகு சேலம், தென்னாற்காடு என்று பரவி, மகளிர் திட்டமாக மாநிலம் முழுக்கப் போனது. அந்தக் குழுக்கள் எப்படி நடந்தன என்று அம்மாவைக் கேளுங்கள். வாரம் ஒரு நாள் கோயில் திண்ணையிலோ பள்ளிக்கூடத்திலோ வட்டமாக உட்காருவார்கள். சந்தா அத்தனை பேர் முன்னாலும் எண்ணப்படும். தீர்மானப் புத்தகத்தில் ஊக்குநர் எழுதுவார், கையெழுத்துப் போடத் தெரியாதவர் அன்றைக்குத்தான் போடக் கற்றுக்கொள்வார். உள்கடன் யாருக்கு முதலில் என்ற கேள்வி வரும். பிரசவம் வைத்திருப்பவளுக்கா, மாடு வாங்குகிறவளுக்கா, பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுகிறவளுக்கா? சத்தம் வரும், ஒருத்தி எழுந்து போவாள், மறுவாரம் வருவாள். எந்தத் தேவை முந்தியது என்பதை வாய்விட்டுப் பேசி முடிவெடுப்பதை நான் பார்த்த இடம் அதுதான். நீங்கள் படித்த கல்லூரியில்கூட இதைச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

அதே பெண்களைத் தேடித்தான் பிறகு நுண்கடன் கம்பெனிகள் வந்தன. பேர் இப்போதும் 'குழு'தான். ஆனால் சேமிப்பு இல்லை, தீர்மானப் புத்தகம் இல்லை, கலெக்‌ஷனுக்கு ஒரு தம்பி பைக்கில் வருகிறான், ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்று மூன்று நான்கு அட்டைகள் அரிசி டப்பாவுக்கு அடியில் கிடக்கும். மிரட்டி வசூல் செய்வதைத் தடுக்க 2025-ல் மாநில அரசு தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று.

உங்கள் முதல் வேலை அந்த அட்டைகளை எல்லாம் வெளியே எடுக்கச் சொல்வது. அம்மா மறைப்பார், அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்பார். சண்டை போடாமல் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதுங்கள்: யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, இன்னும் எத்தனை தவணை. ஊரில் "ரெண்டு வட்டி" என்றால் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய், அதாவது வருஷத்துக்கு 24 சதவீதம். 50,000 ரூபாய்க்கு மாதம் 1,000 வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் 50 மாதத்தில் 50,000 கட்டி முடித்திருப்பீர்கள், அசல் அப்படியே நிற்கும். ஃபைனான்ஸில் "வெறும் 12 பர்சன்ட்" என்று வண்டி கொடுப்பார்கள். ஒரு லட்சத்துக்கு மூன்று வருஷம், வட்டி 36,000, மாதத் தவணை 3,778. கேட்க நன்றாக இருக்கிறது. நீங்கள் மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வந்தாலும் வட்டி மட்டும் முழு லட்சத்துக்கும் போடப்படுகிறது. குறையும் அசலுக்குக் கணக்குப் பார்த்தால் அது ஏறத்தாழ 21 சதவீதம். அதிக வட்டிக் கடனை முதலில் அடையுங்கள், அது முடியும்வரை புது வண்டி வேண்டாம். வண்டி வேலைக்கு வேண்டும் என்றால் வாங்குங்கள், ஆனால் பழையதைப் பாருங்கள். அம்மா வட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது மகன் இரண்டு லட்சத்துக்கு பைக் எடுத்தால், அம்மா மேல் பாசம் இருக்கிறது என்று ஸ்டேட்டஸில் போடுவதை நான் நம்பமாட்டேன்.

பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கிற ஒன்றிரண்டு பேர், கொள்கைப்படி செலவு செய்வது என்றால் செக்கு எண்ணெய் வாங்குவது, கைத்தறி உடுத்துவது என்று நினைக்கிறார்கள். தப்பில்லை, முடிந்தால் செய்யுங்கள். பென்னாகரம் பக்கத்துச் சாமையை அங்கே மால் கடையில் என்ன விலைக்கு விற்கிறார்கள் என்று பார்த்தால் தலை சுற்றும். நம் மாவட்ட ரேஷன் கடையில் 2023-லிருந்து அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தருகிறார்கள். கொள்கைக்குக் காசு செலவாகியே தீர வேண்டும் என்று யார் சொன்னது?

செலவைவிடச் சம்பாதிக்கிற வழியில் வழுக்குகிறவர்கள்தான் உங்களில் அதிகம். ஆப்ஷன் டிரேடிங் கற்றுக்கொடுக்கிறேன் என்று ஒரு டெலிகிராம் குரூப், அதில் உங்கள் பேட்ச் பையன்கள் பாதிப்பேர். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். மூன்று வருஷத்தில் ஆப்ஷன் உள்ளிட்ட எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். அப்படி இறங்கியவர்களில் முப்பது வயதுக்குக் கீழே இருந்தவர்கள் ஒரே வருஷத்தில் 31 சதவீதத்திலிருந்து 43 ஆனார்கள். உங்கள் வயசுதான். காசு கட்டி ஆடும் ஆன்லைன் ரம்மியை 2025-ல் மத்திய சட்டம் தடை செய்த பிறகு, அந்தக் கூட்டமும் இங்கே வந்து நிற்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். ஜெயிக்கிற அந்த ஏழு பேரில் நான் ஒருவன் என்று ஒவ்வொருவரும் நினைப்பதால்தான் ஆட்டம் நடக்கிறது.

இன்னொரு வழி ஊருக்குள்ளேயே இருக்கிறது. கையில் முப்பதாயிரம் சேர்ந்ததும் அதை மூணு வட்டிக்கு விடுவது. வாங்குகிறவர் யார்? உங்கள் அம்மா இருந்த நிலையில் இன்றைக்கு இருக்கிற இன்னொரு அம்மா. அதீத வட்டியைத் தடுக்கும் சட்டம் 2003-லிருந்து இருக்கிறது. சட்டம் கிடக்கட்டும், வட்டி வாங்கத் திங்கட்கிழமை காலையில் அந்த வீட்டு வாசலில் போய் நிற்க உங்களால் முடிகிறதா என்று யோசியுங்கள். முடிகிறது என்றால் நமக்குள் பேச வேறு எதுவும் இல்லை.

பி.எஃப். பற்றிச் சுருக்கமாக. கம்பெனி மாறும்போதெல்லாம் பி.எஃப்.பை எடுத்துச் செலவழிக்காதீர்கள், அதே யு.ஏ.என். எண்ணில் மாற்றிக்கொள்ளுங்கள். பென்ஷனுக்குப் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். ஒவ்வொரு தடவையும் எடுத்தால் ஒவ்வொரு தடவையும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். சம்பளம் 21,000-க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு, உங்கள் பங்கு முக்கால் சதவீதம்தான். ஒப்பந்தக்காரர் மூலம் சேர்ந்தவர்கள் பிடித்த பணம் உண்மையில் கட்டப்பட்டிருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். கட்டவில்லை என்றால் தனியாகப் போய்க் கேட்காமல், நாலு பேர் சேர்ந்து எழுதிக் கேளுங்கள்.

கடைசியாகப் பெண்பிள்ளைகளிடம் ஒரு கேள்வி. உங்கள் ஏ.டி.எம். கார்டு யார் கையில் இருக்கிறது? ஷிஃப்ட் பார்ப்பது நீங்கள், மெசேஜ் வருவது அண்ணன் போனுக்கு என்று எத்தனை வீடு! இந்த மாவட்டத்திலிருந்து திருப்பூர், கோவை மில்களுக்குச் 'சுமங்கலித் திட்டம்' என்ற பேரில் பெண்களைக் கூட்டிப் போனார்கள். மூன்று வருஷம் மில் வளாகத்துக்குள் வேலை, முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. நடுவில் உடம்பு முடியாமல் திரும்பியவர்களில் பலருக்கு அதுவும் கைக்கு வரவில்லை. அவர்கள் உழைத்தார்கள், வரதட்சணைக்கே உழைத்தார்கள். நீங்கள் அங்கிருந்து வெகுதூரம் வந்துவிட்டீர்கள், கார்டை மட்டும் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். வீட்டுக்குப் பணம் கொடுங்கள், மறுக்கச் சொல்லவில்லை. உங்கள் கணக்கில் வாங்கி, உங்கள் கையால் இவ்வளவு என்று எண்ணிக் கொடுங்கள். மிச்சத்தில் உங்கள் பேரில் ஆர்.டி. போடுங்கள். "எதுக்குடி உனக்குத் தனியா?" என்றால், மேலே படிக்க என்று சொல்லுங்கள். பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை, பின்னால் நிஜமாகிவிடும்.

பையன்களுக்கு இதே விஷயம் இன்னும் நேராக. பெண் குழந்தை பிறந்தால் செலவு என்று பயந்து நம் பக்கத்தில் ஒரு காலத்தில் என்ன நடந்தது என்று உங்கள் பாட்டிகளுக்குத் தெரியும். 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது, 2001-ல் தருமபுரிக்கும் நீட்டித்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் தொட்டில் கட்டி, கொல்லாமல் இதில் போடுங்கள் என்று ஓர் அரசாங்கம் கேட்டுக்கொள்ள வேண்டிவந்த மாவட்டம் இது. அந்தச் 'செலவு' என்பது என்ன? மாப்பிள்ளை வீட்டார் கேட்கும் பவுனும் வண்டியும்தான். உங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளை நீங்கள். வண்டி டியூவிலும் வட்டிக் கணக்கிலும் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், இந்த ஒரு நாளில் வாங்கிக்கொண்டால் அத்தனை கணக்கும் அடிபட்டுப் போகும்.

இப்போது யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை என்பது எனக்கும் தெரியும். பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜியும் காபியும் வந்து, ஜாதகம் பேசி முடித்து, வெற்றிலைத் தட்டை நடுவில் வைத்த பிறகு உங்கள் அப்பாவோ பெரியப்பாவோ ஒரு வார்த்தை சொல்வார்: "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாங்க. உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க." எதிரே இருப்பவர் தலையாட்டுவார். அன்றைக்கு ராத்திரியே அவர் யாரிடம் கடன் கேட்பது என்று போன் போட ஆரம்பிப்பார், அந்த ஊரிலும் ரெண்டு வட்டிதான். அந்த வார்த்தை வருகிற நேரத்தில் நீங்கள் அதே சோபாவில்தான் இருப்பீர்கள், போனைப் பார்த்துக்கொண்டு. தலையை நிமிர்த்தி, பெரியப்பா பேச்சில் குறுக்கிட்டு, அந்தப் பெண்ணின் அப்பாவைப் பார்த்து, "நகை போட வேண்டாங்க, கல்யாணச் செலவு ரெண்டு வீட்டுக்கும் பாதிப் பாதி, நோட்டில் எழுதிக்கலாம்" என்று சொல்லுங்கள். வீட்டுக்குத் திரும்பும்போது காரில் ஏச்சு விழும். அதற்கும் இப்போதே மனசைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்க்காரர் ஒருவர்
பாப்பாரப்பட்டி